எண்ணெய்ப்பனை மரபணுத்தொகுதி

எண்ணெய்ப்பனை மரபணுத்தொகுதி என்பது ஆப்பிரிக்க எண்ணெய்ப்பனையின் (எலேயிஸ் கினீன்சிஸ்) உயிரணுவில் அடங்கியுள்ள டி.என்.ஏ.யின் முழுத் தொகுப்பு. 16 இணைக் குரோமோசோம்களில் பரவியுள்ள இத்தொகுதியின் நீளம் ஏறத்தாழ 180 கோடி எழுத்துகள். மலேசியப் பாமாயில் வாரியத்தின் தலைமையில் வரிசைப்படுத்தப்பட்ட இதன் விவரம் 2013 ஜூலையில் 'நேச்சர்' அறிவியல் இதழில் வெளியானது. பழத்தின் ஓட்டுத் தடிமனைத் தீர்மானிக்கும் மரபணுவைக் கண்டறிந்த ஆய்வும் உடன் வெளிவந்தது. நட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்தால்தான் தெரியவரும் குணங்கள் சிலவற்றை, நாற்றங்காலிலேயே ஒரு துண்டு இலையைக் கொண்டு அறியும் வழியை இப்பணி திறந்துவிட்டது. நெடுங்காலப் பயிர்களின் மேம்பாட்டில் மரபணு ஆய்வு என்ன செய்ய முடியும் என்பதற்கு இது தெளிவான சான்று.

பயிரின் அறிமுகம்

எண்ணெய்ப்பனை மேற்கு, நடு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. தென்னை, பனை, பேரீச்சை ஆகியவை சேர்ந்த அரிக்கேசி குடும்பத்து மரம். மலேசியத் தமிழர்கள் இதைச் செம்பனை என்பார்கள். ஒரு குலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழங்கள் நெருங்கிக் காய்க்கும். பழத்தின் சதையைப் பிழிந்தால் கிடைப்பது பாமாயில். உள்ளே இருக்கும் பருப்பிலிருந்து எடுப்பது பருப்பெண்ணெய். ஒரே பழத்தில் விளைந்தாலும் இரண்டும் வேறு வேறு எண்ணெய்கள். பாமாயிலில் பால்மிட்டிக், ஒலியிக் அமிலங்கள் மிகுதி. பருப்பெண்ணெய் தேங்காயெண்ணெயைப் போல லாரிக் அமிலம் நிறைந்தது.

நன்கு பராமரிக்கப்படும் தோட்டத்தில் ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 3 முதல் 4 டன் எண்ணெய் கிடைக்கும். சோயா மொச்சையில் அதே பரப்பில் அரை டன் அளவே கிடைக்கிறது. இந்த விளைச்சல்தான் எண்ணெய்ப்பனையை உலகச் சந்தையின் முதலிடத்துக்குக் கொண்டுவந்தது. உலக உற்பத்தியில் ஏறத்தாழ 85 சதவீதம் இந்தோனேசியா, மலேசியா ஆகிய இரு நாடுகளிலிருந்து வருகிறது. இந்தியா பாமாயிலை மிக அதிகமாக இறக்குமதி செய்யும் நாடு. தமிழ்நாட்டின் ரேஷன் கடைகளில் குடும்ப அட்டைக்கு வழங்கப்படும் எண்ணெயும் இதுவே.

தென்கிழக்கு ஆசியத் தோட்டங்களின் தொடக்கம் மிகச் சிறியது. 1848 ஆம் ஆண்டு ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. அவற்றின் வழித்தோன்றல்களே சுமத்ராவின் டெலி பகுதிக்குப் போய், 'டெலி டூரா' என்ற பெயரில் பரவின. மலாயாவில் வணிக முறையிலான முதல் தோட்டம் 1917 இல் சிலாங்கூரில் அமைந்தது. பிரெஞ்சுக்காரரான ஆன்ரி ஃபோக்கொன்னியே உருவாக்கிய அதன் பெயர் தென்னமரம் தோட்டம். மிகச் சில மரங்களிலிருந்து இவ்வளவு பெரிய பயிர் பெருகியதால், தோட்ட மரங்களின் மரபு வேறுபாடு குறுகிப்போனது. 1973 இல் மலேசிய ஆய்வாளர்கள் நைஜீரியாவுக்குச் சென்று காட்டு மரங்களின் விதைகளைத் திரட்டியதும், பின்னர் மற்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் சேகரித்ததும் இந்தக் குறையை ஈடுகட்டத்தான். ஜோகூர் மாநிலம் குளுவாங்கில் உள்ள ஆய்வு நிலையத்தில் அந்த மரங்கள் பேணப்படுகின்றன. மரபணு ஆய்வுக்கு அவை பிற்காலத்தில் பெருந்துணையாயின.

மூவகைப் பழங்கள்

எண்ணெய்ப்பனை மேம்பாட்டின் மையக் கேள்வி பழத்தின் ஓட்டைப் பற்றியது. ஒரு பழத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அது எந்த வகை என்று தெரிந்துவிடும். டூரா வகையில் பருப்பைச் சுற்றித் தடித்த ஓடு இருக்கும். அதனால் சதைக்கு இடம் குறைவு. பிசிஃபெரா வகையில் ஓடே இராது. டெனெரா இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது: ஓடு மெல்லியது, அதைச் சுற்றிச் சதைக்குள் கறுத்த நார்ப் புள்ளிகள் ஒரு வளையமாக அமைந்திருக்கும், சதை தடித்திருக்கும். எண்ணெய் சதையில்தான் இருக்கிறது என்பதால் டூராவைவிட டெனெராவில் ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதல் எண்ணெய் கிடைக்கிறது.

இதன் மரபு விதியைக் கண்டறிந்தவர்கள் அன்றைய பெல்ஜியக் காங்கோவின் யாங்காம்பி ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பெயர்னார்ட்டும் வாண்டர்வேயனும். ஓட்டுத் தடிமனை ஒரே ஒரு மரபணு தீர்மானிக்கிறது என்று 1941 இல் அவர்கள் நிறுவினார்கள். டூராவையும் பிசிஃபெராவையும் கலந்தால் பிறப்பவை எல்லாம் டெனெரா. டெனெரா மரங்களைத் தமக்குள் கலந்தாலோ கால் பங்கு டூரா, அரைப் பங்கு டெனெரா, கால் பங்கு பிசிஃபெரா எனப் பிரியும். நல்ல டெனெரா மரத்தின் விதையை எடுத்து நட்ட தோட்டக்காரர்கள் அதுவரை ஏன் ஏமாந்தார்கள் என்பது இதனால் விளங்கியது. அதன்பின் வணிக விதை உற்பத்தி முழுவதும் டூரா தாய், பிசிஃபெரா தந்தை என்ற முறைக்கு மாறியது.

மேம்பாட்டில் உள்ள தடைகள்

பயிர் மேம்பாட்டாளருக்கு இந்த மரம் எளிதில் வசப்படுவதில்லை. முதலாவது தடை காலம். நட்டு மூன்றாம் ஆண்டு வாக்கில் காய்க்கத் தொடங்கினாலும், ஒரு மரத்தின் விளைச்சலை நம்பகமாக மதிப்பிட மேலும் பல ஆண்டுகளின் குலைகளை எடைபோட வேண்டும். இரண்டாவது, பிசிஃபெராவின் மலட்டுத்தன்மை. பெரும்பாலான பிசிஃபெரா மரங்களில் பெண் பூக்கள் கருகிவிடும். காய்க்காத தந்தை மரத்தின் தரத்தை அறிய வேண்டுமானால், அதன் மகரந்தத்தைப் பல டூரா தாய்களில் இட்டு, பிறந்த மரங்கள் காய்க்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். இவ்வாறு ஒரு தேர்வுச் சுற்று முடிய 19 ஆண்டுகள் வரை ஆகும் என்று கணக்கிடப்பட்டுள்ளது.

மூன்றாவது தடை இடம். ஒரு ஹெக்டேரில் 140 மரங்கள் அளவுக்கே நட முடியும். நெல்லிலோ கோதுமையிலோ ஒரு சிறு பாத்தியில் ஆயிரக்கணக்கான செடிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். எண்ணெய்ப்பனையில் அதே ஒப்பீட்டுக்குப் பெருந்தோட்டமே தேவைப்படும். நான்காவது, இம்மரத்தில் பக்கக் கன்று வெடிப்பதில்லை, கிளையும் இல்லை. வளரும் நுனி ஒன்றே ஒன்று. ஆகவே சிறந்த மரத்தை ஒட்டுக் கட்டியோ பதியம் போட்டோ பெருக்க வழியில்லை. திசு வளர்ப்பு ஒன்றே வழி. அதுவும் தனக்கே உரிய சிக்கலைக் கொண்டுவந்தது.

வரிசைப்படுத்திய முறை

மலேசியப் பாமாயில் வாரியம் சிலாங்கூரின் பாங்கி நகரில் இயங்குகிறது. வாரியத்தின் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி, ராஜிந்தர் சிங் உள்ளிட்டோர் இப்பணியை முன்னெடுத்தனர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸைச் சேர்ந்த ஓரியன் ஜீனோமிக்ஸ் நிறுவனமும், கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தின் தாவர மரபியலாளர் ராபர்ட் மார்ட்டியென்சனும் உடன் பணியாற்றினர்.

வரிசைப்படுத்த அவர்கள் எடுத்துக்கொண்டது 'ஆவ்ரோஸ்' வழியைச் சேர்ந்த ஒரு பிசிஃபெரா மரம். காங்கோவிலிருந்து சுமத்ராவுக்கு வந்த இந்த வழி, தென்கிழக்கு ஆசியாவின் கலப்பின விதைகளுக்குத் தந்தை மரமாக விரிவாகப் பயன்படுவது. எனவே அந்த ஒரு மரத்தின் வரிசையை அறிந்தால், தோட்டங்களில் நிற்கும் பெருந்தொகையான மரங்களின் பாதி மரபைப் படிக்க அடித்தளம் கிடைக்கும்.

எந்த இயந்திரமும் 180 கோடி எழுத்துகளை ஒரே மூச்சில் படிப்பதில்லை. டி.என்.ஏ.யை எண்ணற்ற சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியே படித்து, ஒன்றன் முனை மற்றொன்றோடு பொருந்தும் இடங்களைக் கணினியில் கண்டு கோப்பார்கள். எண்ணெய்ப்பனையில் திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் தொகுதியின் பாதிக்கும் மேல் இருப்பதால் இந்தக் கோர்ப்பு கடினமானது. 153.5 கோடி எழுத்துகள் கோக்கப்பட்டன. எந்தத் துண்டு எந்தக் குரோமோசோமுக்கு உரியது என்பதைக் கலப்பு மரங்களின் மரபு வரைபடத்தைக் கொண்டு முடிவுசெய்தார்கள். கோத்ததில் பாதிக்கும் குறைவான பகுதிக்கே அப்போது குரோமோசோமில் இடம் குறிக்க முடிந்தது. தொகுதி முழுமையாகவில்லை, ஆனால் மரபணுக்களைத் தேடிப் பிடிக்க அது போதுமானதாக இருந்தது.

தொகுதி சொல்லும் செய்திகள்

இலை, வேர், பூ, பழம் என 30 வகைத் திசுக்களில் எந்தெந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று பார்த்து, குறைந்தது 34,802 மரபணுக்கள் கணிக்கப்பட்டன. எண்ணெய் உருவாக்கத்தில் பங்குபெறும் மரபணுக்களும், அவற்றை முடுக்கிவிடும் 'ரிங்கிள்டு-1' என்ற கட்டுப்பாட்டு மரபணுவின் இணைகளும் அடையாளம் காணப்பட்டன. பேரீச்சம்பழச் சதை சர்க்கரையையும், அதே குடும்பத்து எண்ணெய்ப்பனையின் சதை எண்ணெயையும் சேமிப்பதன் காரணத்தைத் தேடுவோருக்கு இம்மரபணு முக்கியமான தடயம்.

குரோமோசோம்களின் பெரும் பகுதிகள் இரட்டை இரட்டையாகக் காணப்பட்டதும் குறிப்பிடத்தக்கது. பனைக் குடும்பத்தின் மூதாதை ஒன்றில் தொகுதி முழுவதும் ஒரு காலத்தில் இரட்டித்திருந்தது என்பதற்கு அது சான்றாகிறது.

இதே ஆய்வில் அமெரிக்க எண்ணெய்ப்பனையின் (எலேயிஸ் ஒலியிஃபெரா) முதல்நிலை வரிசையும் வெளியிடப்பட்டது. தென் அமெரிக்காவில் வளரும் இந்த இனம் மெதுவாக உயர்வது, இதன் எண்ணெயில் நிறைவுறாக் கொழுப்பு அதிகம், விளைச்சல் குறைவு. நெடுங்காலத்துக்கு முன்பே இரு இனங்களும் பிரிந்துவிட்டபோதும் குரோமோசோம் எண்ணிக்கை மாறவில்லை. அதனால் ஒன்றோடொன்று கலந்து, வளமுள்ள சந்ததியைத் தருகின்றன. கொலம்பியா போன்ற நாடுகளில் குருத்தழுகல் நோய் தோட்டங்களை அழித்தபோது கைகொடுத்தவை இந்தக் கலப்பின மரங்கள்தாம்.

ஓடு மரபணு

1941 இல் விதி தெரிந்தது. அந்த விதிக்குக் காரணமான மரபணு 72 ஆண்டுகள் கழித்துத்தான் கைக்கு எட்டியது. ஓடில்லாத பிசிஃபெரா மரங்கள் அனைத்திலும் ஒரே மாதிரியாக இருந்து, மற்றவற்றில் மாறுபடும் பகுதி தொகுதியில் எங்கே இருக்கிறது என்று ஆய்வாளர்கள் தேடினார்கள். நைஜீரிய வழியில் வந்த மரங்கள் இதற்குப் பயன்பட்டன.

கிடைத்த மரபணு, அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியில் சூலையும் விதையையும் உருவாக்கும் 'சீட்ஸ்டிக்' மரபணுவின் இணை. மற்ற மரபணுக்களின் மீது அமர்ந்து அவற்றை இயக்கும் புரதத்தை அது ஆக்குகிறது. அப்புரதம் டி.என்.ஏ.யைப் பற்றிக்கொள்ளும் பகுதியில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மாற்றங்கள் காணப்பட்டன. நைஜீரிய வழியில் லியூசின் என்ற அமினோ அமிலத்தின் இடத்தில் புரோலின் வந்திருந்தது. காங்கோ வழியான ஆவ்ரோஸில் லைசினின் இடத்தில் அஸ்பரஜின் இருந்தது. இவ்வளவு சிறிய மாற்றம் ஓட்டை இல்லாமலாக்கிவிடுகிறது.

டெனெராவில் ஒரு பிரதி இயல்பானது, மற்றது மாறியது. இப்புரதங்கள் இணைசேர்ந்தே வேலை செய்பவை என்பதால், இயல்பான பிரதியின் வேலையும் ஓரளவு குறைகிறது. ஓடு முற்றிலும் நீங்காமல் மெலிவது இதனால்தான். பெற்றோர் இருவரையும் விஞ்சும் கலப்பின வீரியம் பொதுவாகப் பல மரபணுக்கள் கூடிச் செய்யும் வேலையாகவே கருதப்படுகிறது. இங்கு எண்ணெய் விளைச்சலில் காணும் வீரியத்துக்கு ஒரே மரபணு விளக்கம் தருவது பயிரியலில் அரிதான நிகழ்வு.

நாற்றங்காலில் இதன் பயன் நேரடியானது. டூரா தாயின் பெண் பூங்குலையை உறையிட்டு மூடி, பிசிஃபெரா மகரந்தத்தை இட்டுத்தான் விதை எடுக்கிறார்கள். மகரந்தத்தைச் சுமந்து வரும் வண்டுகள் உறைக்குள் நுழைந்துவிட்டாலோ, கையாளும்போது வேற்று மகரந்தம் கலந்துவிட்டாலோ டூரா கன்றுகள் ஊடே புகுந்துவிடும். கன்றைப் பார்த்து வகையைச் சொல்ல எவராலும் முடியாது. மலேசியாவின் தனியார் தோட்டங்களிலும் சிறு விவசாயிகளின் நிலங்களிலும் நடத்திய ஆய்வில், சராசரியாகப் பத்தில் ஒரு மரம் டெனெரா அல்லாததாக இருந்தது தெரியவந்தது. தவறான கன்று ஒருமுறை நடப்பட்டுவிட்டால் சுமார் 25 ஆண்டுகள் அந்த இடத்தை அடைத்துக்கொண்டு, உரத்தையும் உழைப்பையும் விழுங்கி, குறைந்த எண்ணெயே தரும். சில ஹெக்டேர் நிலத்தை நம்பி வாழும் சிறு விவசாயிக்கு இது ஒரு தலைமுறை இழப்பு. இப்போது கன்றின் இலையில் சிறு வட்டத் துண்டை வெட்டியெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், ஓடு மரபணுவின் இரு பிரதிகளும் எவை என்று சொல்லிவிடலாம். இதற்கான சோதனை 'ஷூர்சாவிட்' என்ற பெயரில் பயன்பாட்டுக்கு வந்தது.

பழ நிற மரபணு

எண்ணெய்ப்பனைப் பழங்களில் பெரும்பாலானவை பிஞ்சில் கருநீலமாகவும், பழுத்தபின் கருஞ்சிவப்பாகவும் இருக்கும். உயர்ந்த மரத்தின் மட்டைகளுக்கு இடையே உள்ள குலை பழுத்ததா என்று கீழிருந்து நிறத்தைக் கொண்டு சொல்வது கடினம். அறுவடை செய்பவர் தரையில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பார்த்து முடிவெடுக்கிறார். முன்கூட்டி வெட்டினால் எண்ணெய் குறையும். தாமதித்தால் பழம் உதிர்ந்து, அமிலம் ஏறி எண்ணெயின் தரம் கெடும்.

'விரெசென்ஸ்' என்ற வகையின் பழம் பிஞ்சில் பச்சையாக இருந்து, பழுக்கும்போது செம்மஞ்சளாக மாறும். இந்த வேறுபாடு தெளிவாகக் கண்ணுக்குப் படும். நிறமியை உண்டாக்கும் கட்டுப்பாட்டு மரபணு ஒன்றில் நேர்ந்த மாற்றமே இதற்குக் காரணம் என்பது 2014 இல் வெளியிடப்பட்டது. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளைச் சேர்ந்த 400க்கும் மேற்பட்ட மரபு மாதிரிகளை ஆராய்ந்ததில், தனித்தனியே தோன்றிய ஐந்து மாற்றங்கள் கிடைத்தன. மருந்துக்கும் சடங்குக்கும் உரியவையாக இப்பழங்களை ஆப்பிரிக்க மக்கள் போற்றிக் காத்ததால்தான் இத்தனை மாற்றங்கள் நிலைத்திருக்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். பழம் வரும் முன்பே, 3 முதல் 6 ஆண்டுகள் முன்கூட்டி, இக்குணமுள்ள கன்றுகளைப் பிரித்தெடுக்க இந்தக் கண்டுபிடிப்பு உதவுகிறது.

திசு வளர்ப்பும் 'மேன்ட்டில்டு' குறையும்

சிறந்த மரத்தின் படிகளைத் திசு வளர்ப்பால் உருவாக்கும் முயற்சி 1970களில் தொடங்கியது. நட்ட கன்றுகள் சில ஆண்டுகள் நன்றாகவே வளர்ந்தன. பூத்தபோதுதான் குறை வெளிப்பட்டது. ஒரு பகுதி மரங்களில் ஆண் உறுப்புகளாக அமைய வேண்டியவை சூலகம் போன்ற மடல்களாக மாறி, பழத்தைப் போர்த்திக்கொண்டன. 'மேன்ட்டில்டு' எனப்படும் இக்குறை உள்ள மரங்களில் பழம் சரியாகப் பிடிப்பதில்லை. கடுமையாகப் பாதித்தவற்றில் விளைச்சலே இராது. இதனால் படியாக்கப் பணி உலகெங்கும் பெரும்பாலும் முடங்கியது.

தாய் மரத்துக்கும் குறையுள்ள படிக்கும் டி.என்.ஏ. வரிசையில் வேறுபாடு தென்படவில்லை. மெய்லினா ஓங் அப்துல்லா உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2015 இல் 'நேச்சர்' இதழில் விடையைத் தந்தார்கள். பூவின் உறுப்புகளை வகுக்கும் 'டெஃபிசியன்ஸ்' மரபணுவின் நடுவே 'கர்மா' என்றொரு இடம்மாறும் டி.என்.ஏ. துண்டு அமர்ந்திருக்கிறது. இயல்பான மரத்தில் மெத்தில் என்னும் வேதிக்குறிகள் அதை அடக்கி வைத்திருக்கும். திசு வளர்ப்பின்போது அக்குறிகள் அழிந்தால், மரபணுவின் செய்தி பாதியிலேயே முறிந்துவிடுகிறது. குறி நிலைத்திருக்கும் நிலைக்கு 'நல்ல கர்மா' என்றும், அழிந்த நிலைக்குக் 'கெட்ட கர்மா' என்றும் ஆய்வாளர்கள் பெயரிட்டனர். இவ்விடத்தின் வேதிக்குறிகளைக் கன்றுப் பருவத்திலேயே சோதித்து, குறையுள்ளவற்றை நடாமல் விலக்க முடியும். எழுத்து வரிசை மட்டும் இவ்விடையைத் தந்திருக்காது. ஆனால் எந்த இடத்தின் குறிகள் மாறின என்று தேடுவதற்கு அந்த வரிசை இல்லாமல் வழியே இருந்திருக்காது.

தொகுதி முழுவதையும் கொண்டு தேர்வு

ஓடும் நிறமும் ஒற்றை மரபணுவால் அமைபவை. குலைகளின் எண்ணிக்கை, எடை, மரத்தின் உயர வளர்ச்சி ஆகியவை அப்படியல்ல. சிறுசிறு விளைவுடைய பல மரபணுக்கள் கூடித் தீர்மானிப்பவை. இவற்றுக்கு 2001 இல் மியூவிசனும் சக ஆய்வாளர்களும் முன்வைத்த மரபணுத்தொகுதித் தேர்வு முறை பொருந்துகிறது. விளைச்சல் அளக்கப்பட்ட மரங்களின் டி.என்.ஏ. அடையாளங்களைக் கொண்டு ஒரு கணிப்பு மாதிரியை உருவாக்கி, இன்னும் காய்க்காத கன்றுகளின் தரத்தை அதன்மூலம் மதிப்பிடுவது இம்முறை. ஒரு சுற்றுக்கு ஆகும் 19 ஆண்டுகளை 6 ஆண்டுகளாகக் குறைக்கலாம் என்று 2008 இல் வெளியான ஒரு கணினிவழி ஆய்வு காட்டியது. காய்க்காத பிசிஃபெரா தந்தைகளை மதிப்பிடுவதில் இதன் பயன் தனிச்சிறப்பானது. பிரான்சின் சிராட் ஆய்வு நிறுவனமும் மலேசியாவின் பெருந்தோட்ட நிறுவனங்களும் இம்முறையில் பணியாற்றி வருகின்றன.

மலேசியாவையும் இந்தோனேசியாவையும் வாட்டும் கானோடெர்மா அடித்தண்டழுகல் நோய்க்கு எதிர்ப்புத் திறனைத் தேடுவதும் இத்தகைய ஆய்வுகளின் முக்கிய நோக்கம். பூஞ்சை பல ஆண்டுகள் மரத்துக்குள் மறைந்திருந்து, பாதித் தண்டு அழுகிய பின்பே அறிகுறி காட்டுவதால், தோட்டத்தில் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வழி இங்கு மிக மெதுவானது.

பிற பனைக் குடும்பப் பயிர்கள்

பனைக் குடும்பத்தில் முதலில் படிக்கப்பட்டது பேரீச்சை. கத்தாரிலிருந்து செய்யப்பட்ட அப்பணியின் விவரம் 2011 இல் வெளியானது. தென்னையின் தொகுதி, சீனாவின் ஹைனான் நெட்டை ரகத்தைக் கொண்டு 2017 இல் வெளிவந்தது. தென்னைக்கும் 16 இணைக் குரோமோசோம்களே; ஆனால் தொகுதி எண்ணெய்ப்பனையினுடையதைவிடப் பெரியது. பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்கள் காத்திகான் பச்சைக் குட்டை ரகத்தையும், காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தார் வேர்வாடல் நோயைத் தாங்கும் சாவக்காடு பச்சைக் குட்டை ரகத்தையும் வரிசைப்படுத்தியுள்ளனர். தென்னையும் நெடுங்காலப் பயிர் என்பதால், எண்ணெய்ப்பனையில் கற்ற பாடங்கள் தமிழ்நாடு, கேரளம், இலங்கை ஆகியவற்றின் தென்னை மேம்பாட்டுக்கு நேரடியாக உதவக்கூடியவை.

பயனும் எல்லையும்

மலேசிய வாரியம் வரிசைத் தரவுகளைப் பொதுத் தரவுத்தளங்களில் வெளியிட்டது. ஒரு பயிரின் அடிப்படை அறிவு எல்லோர் கையிலும் இருந்தால்தான் ஆப்பிரிக்காவின் சிறு ஆய்வு நிலையங்களும் அதைப் பயன்படுத்த முடியும். ஓடு மரபணுவின் மாற்றங்களைக் காலங்காலமாகக் காத்து வந்த மண் ஆப்பிரிக்கா என்பதை நினைக்கும்போது இத்திறப்பு நியாயமானதும்கூட.

எண்ணெய்ப்பனை விரிந்த வேகத்தில் சுமத்ரா, போர்னியோ தீவுகளின் மழைக்காடுகள் பெருமளவு அழிந்தன. இருக்கும் நிலத்திலேயே கூடுதல் எண்ணெய் எடுக்க முடிந்தால் காட்டை வெட்டும் தேவை குறையும் என்பது 2013 ஆய்வுகள் முன்வைத்த நம்பிக்கை. அந்த நம்பிக்கை தானாக நிறைவேறாது. விளைச்சல் கூடும்போது பயிர் இலாபகரமாகி, மேலும் நிலத்தைத் தேடும் ஊக்கமும் கூடக்கூடும். காட்டு நிலத்தை வரையறுத்துக் காக்கும் சட்டமும், அதை நடைமுறைப்படுத்தும் அரசும், எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் வாங்குவோரும் சேர்ந்தால்தான் கூடுதல் விளைச்சல் காட்டுக்குப் பாதுகாப்பாக மாறும். மேலும், சோதித்த நல்ல கன்று பெருந்தோட்டங்களுக்கு மட்டுமன்றிச் சிறு விவசாயிக்கும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க வேண்டும். மறுநடவு 25 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வருகிறது என்பதால், இப்போது நடப்படும் கன்றின் தரமே அடுத்த கால் நூற்றாண்டுக்கு அந்த நிலத்தின் விளைச்சலைத் தீர்மானிக்கும்.